சேலம் இறுதி ஆட்டத்தில் போர்டு மாற்றப்பட்டது

சேலத்தில் நடந்த டார்ட் தகுதிப் போட்டியின் பதிவேட்டில், இறுதி ஆட்டத்துக்கான பக்கத்தின் ஓரத்தில், 'போர்டு மாற்றப்பட்டது' என்று இரண்டு வார்த்தை இருக்கிறது. யார் மாற்றினார்கள், எதற்காக என்று இல்லை. டார்ட் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள்.

"லண்டன் உலகப் போட்டிக்குப் போறது யாருன்னு முடிவாகற நேரத்துல, ஆட்டத்துக்கு நடுவுல போர்டை மாத்தலாமாங்க சார்?" என்று கேட்டார்கள்.

மாற்றலாம். மாற்றியவன் நான். மாற்றவேண்டி வந்ததற்குக் காரணமும் நான்தான்.

இப்போது போர்டைச் சுற்றி வளையமாகக் கேமரா வைக்கிறார்கள். எறிந்த சின்ன அம்பு, அதாவது டார்ட், எங்கே குத்தியது, எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று அதுவே சொல்லிவிடுகிறது. போன மாதம் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. நல்ல சாமான். ஆனால் போர்டு ஈரமாக இருந்தால் அதற்குத் தெரியுமா என்று கேட்டேன். அதைக் கொண்டுவந்த பையன் சிரித்துவிட்டு, "அது எதுக்குங்க தெரியணும்?" என்றான். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவது வரை. ஒற்றுப்பிழையை மகள் திருத்தினாள். மற்ற பிழையெல்லாம் என்னுடையது.

எனக்குச் சொந்த ஊர் மேச்சேரிக்குப் பக்கம். எங்கள் பக்கம் ஆடு உள்ளே வராமலிருக்கக் கத்தாழையை வேலியாக வைப்பார்கள். ரயில் தண்டவாளத்து ஓரத்தில் முள்நுனியோடு நிற்குமே, அந்தக் கத்தாழை. மடலை அறுத்துக் கட்டி, குட்டைத் தண்ணீரில் இரண்டு வாரம் ஊறவிட்டு, கல்லில் அடித்தால் நார் வரும். சின்ன வயதில் கூலிக்கு அந்த வேலை செய்திருக்கிறேன். முழங்கை வரை அரிக்கும். நாற்றம் சோற்றிலும் வரும். ஆனால் அழுகிப்போன ஒன்றுக்குள்ளிருந்து இத்தனை வெள்ளையாக நார் எப்படி வருகிறது என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்.

பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அடித்துத் துரத்தவில்லை. ஒரே இடத்தில் உட்கார முடியாமல் நானே நின்றுவிட்டேன். திருச்செங்கோடு போய் போர்வெல் வண்டியில் ஏறினேன். ஆந்திரா, கர்நாடகா, மத்தியப்பிரதேசம் என்று ஒன்பது வருடம். வண்டிக்கு அடியில் தூக்கம், கல்தூள் கலந்த சோறு. இடது சுண்டுவிரலில் பாதி ராய்ச்சூர் பக்கம் ஒரு பைப்புக்கு அடியில் போனது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு நின்றேன். நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

பிறகு எங்கள் முதலாளி வண்டியைக் கப்பலில் ஏற்றி கென்யாவுக்கு அனுப்பினார். கூடப் போன ஆட்களில் நானும் டிரைவர் பெரியசாமியும் இருந்தோம். பெரியசாமிக்கு மல்லசமுத்திரம் பக்கம். எங்கே துளை போட்டாலும் முதலில் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தால்தான் வண்டியைக் கிளப்புவான். கென்யாவில் தேங்காய் கிடைக்காத ஊரில் எலுமிச்சம்பழம். அதுவும் இல்லாத ஊரில் ஒரு உருளைக்கிழங்கை நசுக்கினான். சாமிக்குப் புரியும் என்றான்.

ஒரு தடவை பெரிய தோட்டம் ஒன்றில் துளை போடப் போனோம். போய் இறங்கினால் கண்ணுக்கு எட்டியவரை எங்கள் ஊர் வேலிக் கத்தாழை. வரிசை வரிசையாக, நெல் நட்ட மாதிரி. இத்தனையும் எதற்கு என்று தோட்டத்து மேலாளரிடம் கை ஜாடையில் கேட்டேன். கயிறு திரிக்க என்று காட்டினார். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதையோ எறிவதுபோல் காட்டினார். எனக்குப் புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டு வர என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு நார் போகும் இடத்துக்கே போனேன். அங்கே டார்ட் போர்டு செய்துகொண்டிருந்தார்கள்.

நாரைச் சீவி, கற்றையாக்கி, நீளமாகக் கட்டி, வாழைத்தண்டு நறுக்குவதுபோல் வில்லை வில்லையாக வெட்டுகிறார்கள். வில்லைகளை வட்டமாக அடுக்கி இரும்புப் பட்டைக்குள் வைத்து இயந்திரத்தில் நெருக்குகிறார்கள். முடிந்த பிறகு போர்டின் முகம் என்று நாம் பார்ப்பது லட்சக்கணக்கான நாரின் வெட்டுமுனை. டார்ட் நாரைக் குத்துவதில்லை. இரண்டு நாருக்கு நடுவே புகுந்து நிற்கிறது. பிடுங்கினால் இரண்டும் மறுபடி சேர்ந்துகொள்கின்றன. ஒரு ஆணியை நானே குத்திக் குத்திப் பிடுங்கிப் பார்த்தேன். துளை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் சாயங்காலம் ஆகிவிட்டது.

பெரியசாமியிடம் வந்து, "நான் வண்டிக்கு வரலப்பா, அங்க சேர்ந்துக்கறேன்" என்றேன்.

"துளை போடற பொழப்ப விட்டுட்டு, துளை மூடற பொழப்புக்குப் போறியா?" என்றான். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கிளம்பும்போது தன் கம்பளியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்தக் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தேன். பிறகு, குளிர்காலத்தில் நடக்கும் உலகப் போட்டிக்குப் போர்டுகளோடு ஒரு ஆள் லண்டன் போக வேண்டும் என்றார்கள். குடும்பம் உள்ளவர்கள் தயங்கினார்கள். நான் அப்போது கல்யாணம் ஆகாதவன். பையைத் தூக்கிக்கொண்டேன். அப்படிப் பன்னிரண்டு குளிர்காலம்.

அந்த மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் நீள மேசைகளில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள், பாடுவார்கள். வாழைப்பழம் மாதிரி, கோழி மாதிரி, போலீஸ்காரர் மாதிரி வேஷம் போட்டு வருவார்கள். மேடையில் இரண்டு பேர். ஐநூற்று ஒன்றில் ஆரம்பித்து, ஒருவருக்கு மூன்று மூன்று டார்ட்டாக எறிந்து, எடுத்த எண்ணைக் கழித்துக்கொண்டே வந்து பூஜ்யத்தைத் தொட வேண்டும். கடைசி டார்ட் போர்டின் வெளி ஓரத்தில் உள்ள குறுகலான இரட்டை வளையத்தில்தான் விழ வேண்டும். அங்கே எண் இரண்டு மடங்கு. நாற்பது மிச்சம் என்றால் உச்சியில் இருக்கும் இரட்டை இருபது. நிறைய ஆட்டம் அங்கே, அந்த விரல் அகலத்தில்தான் முடியும். இன்னொன்று, எறிந்தவர் தன் கையால் பிடுங்கும்வரை டார்ட் போர்டில் நிற்க வேண்டும். விழுந்தால் கணக்கில் இல்லை.

போர்டு ஆட்களுக்கு மேலாளர் பெல் என்பவர். ஒல்லி, உயரம், அறுபது வயது. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. டேப்பை நம்ப மாட்டார். டேப் தளரும் என்பார். இரண்டு மரக்கோல் வைத்திருந்தார். ஒன்று ஐந்து அடி எட்டு அங்குலம், தரையிலிருந்து போர்டின் நடுப்புள்ளி வரை. இன்னொன்று ஏழு அடி ஒன்பதேகால் அங்குலம், போர்டின் முகத்திலிருந்து ஆட்டக்காரர் நிற்கும் கோடு வரை. சுவரிலிருந்து இல்லை, முகத்திலிருந்து. முதல் நாள் நான் சுவரிலிருந்து வைத்தேன். அவர் கோலை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி என் கையிலேயே கொடுத்தார். நான் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். இருபது நிமிடம் ஆனது.

போர்டைத் தொடுமுன் கையைக் கழுவி, துடைத்து, அப்புறம் சும்மா நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "உன் கையை நீயே மறக்கும்வரை" என்றார். போர்டுக்குப் பத்தடி தூரத்துக்குள் டீக்கோப்பை வரக்கூடாது. வெட்டுமுனை எல்லாம் வாய் திறந்த குழாய் மாதிரி. ஒரு சொட்டுப் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே துடைத்தால் துணி ஈரமாகும், போர்டு காயாது. உள்ளே நார் உப்பி, நாருக்கு நடுவே இடமில்லாமல் போகும். டார்ட் எகிறும், அல்லது நின்ற மாதிரி நின்று விழும். தண்ணீரில் ஊறவைத்து எடுத்த நாருக்கு அப்புறம் தண்ணீரே ஆகாது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மேச்சேரிக் குட்டையைப் பற்றி பெல்லிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தக் குட்டையில் மீன் இருந்ததா?" என்று கேட்டார். அவரும் என்னைப்போல்தான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பு. போர்டு ஆள் ஸ்கோரைப் பார்க்கக்கூடாது. மேடைக்குப் பக்கவாட்டில் கறுப்புத் துணிக்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி. அங்கிருந்து போர்டு தெரியும், ஸ்கோர் தெரியாது. அந்த இடத்தை அவரே உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

நாலாவது வருடம் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் யாரோ கோப்பையை வீசியதில் பீர் தெறித்து மேடை வரை வந்தது. ஆட்டக்காரர்கள் கவனிக்கவில்லை, நடுவர் கவனிக்கவில்லை. பெல் துணியை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போய் ஒரு கையைத் தூக்கினார். அத்தனை கூட்டமும் அவரைத் திட்டியது. அவர் அவசரப்படாமல் போர்டைக் கழற்றி, புதிதை மாட்டி, இரண்டு கோலையும் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு அதனால் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று எனக்குத் தெரியாது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரிந்திருந்தால் கை தூக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்" என்றார்.

வயதாகி ஊருக்கு வந்தேன். அதற்குள் கல்யாணம், மகள், பனமரத்துப்பட்டி பக்கம் சின்ன வீடு எல்லாம் ஆகியிருந்தது. சும்மா உட்காரத் தெரியாததால் இங்கே சங்கம் நடத்தும் போட்டிகளுக்குப் போர்டு மாட்டப் போவேன். அப்படி இருக்கும்போது, லண்டன் உலகப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி சேலத்துக்கு வந்தது. ஜெயித்தவருக்கு லண்டன். இரண்டாவது வந்தவருக்குக் கைகுலுக்கல். மண்டபம் சங்ககிரி போகும் வழியில் பைபாஸ் ஓரத்தில் உள்ள கல்யாண மண்டபம். போய்ப் பார்த்தால் அதன் மேலாளர், வெள்ளை வேட்டியில், பெரியசாமி.

"ஏப்பா, ஓட்டை மூடற பொழப்பு எப்படிப் போவுது?" என்றான். முப்பது வருடம் கழித்து அதுதான் முதல் வார்த்தை.

போட்டி இரண்டு நாள். ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் ஆடலாம். அம்மாபேட்டையிலிருந்து மல்லிகா என்று ஒரு பெண் வந்திருந்தார். கைத்தறி நெசவு. கல்யாணத்துக்கு முன்னால் துபாயில் தையல் கம்பெனியில் இருந்தபோது கேண்டீன் சுவரில் பழகியது. இப்போது தறிக்குழிக்கு எதிர்ச்சுவரில் போர்டு மாட்டி எறிகிறார். என்னிடம் வந்து முதலில் கேட்டது இதுதான்.

"அண்ணா, எங்க ஊட்ல இடம் ஏழரை அடிதான் இருக்கு. மூணேகால் அங்குலம் கொறைச்சலாவே பழகிட்டேன். இங்க தப்புமா?"

"முதல் பத்து டார்ட் தப்பும், அம்மிணி. அப்பறம் கை கண்டுபிடிச்சுக்கும்" என்றேன்.

"பத்துத் தப்புனா நான் ஊட்டுக்குப் போயிருவேன். இப்பவே எறிஞ்சு தப்பிச்சுக்கறேன்" என்று பயிற்சிப் போர்டுக்குப் போனார். பத்து இல்லை, இருநூறு எறிந்திருப்பார். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போட்டி கல்கத்தாவிலோ பம்பாயிலோ நடந்திருந்தால் அவரால் போயிருக்க முடியாது. தறியில் சேலை ஏறியிருந்தது, வீட்டில் மாமியார் படுக்கையில். சேலத்துக்கு வந்ததால் பஸ்ஸில் வந்தார். அவருக்கு இது இன்னொரு தடவை கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

அவர் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். எதிரில் கல்கத்தாக்காரர் தாஸ். நல்ல ஆட்டக்காரர், அமைதியான மனிதர். ஆட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு. மூன்று மணிக்குப் புதுப் போர்டு மாட்டி, கோல் வைத்துச் சரிபார்த்து முடித்தேன். பெரியசாமி வந்து நின்றான்.

"ஏப்பா முருகேசா, உலகப் போட்டிக்கு ஆள் எடுக்கறீங்க. ஒரு தேங்கா உடைக்கல, ஒரு சூடம் கொளுத்தல. என்னப்பா இது?"

"இதுக்குப் பூசையெல்லாம் இல்லப்பா."

"ஏன் இல்ல? பூமில ஒரே ஒரு ஓட்டை போடறதுக்கு நாம பூசை போட்டோம். இதுல எத்தன ஓட்டை உழுகும்?"

"கணக்கே இல்ல."

"அப்பறம் என்ன? நம்மூர்ப் புள்ள ஆடுது. ஒரு பொட்டு. ஒரே பொட்டு."

லண்டனில் யாராவது கேட்டிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். இங்கே, முந்தாநாள் கல்யாணம் நடந்து வாழைமரம்கூட இன்னும் அவிழ்க்காத மேடையில், உருளைக்கிழங்கை நசுக்கிய அந்த மனிதன் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போர்டின் வெளி விளிம்பில், இருபது எண்ணுக்கு அடியில், கறுப்புப் பட்டையில் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே டார்ட் விழுந்தாலும் எண் கிடையாது. என் விரலால் நானே வைத்தேன். அதன்மேல் குங்குமம். பெரியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திரும்பிக் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள், கல்யாணத்துக்கு வந்தவர்கள்மேல் தெளித்த பன்னீர்ச் செம்பை எடுத்து, போர்டின்மேல் மூன்று தடவை உதறிவிட்டான்.

நான் துடைத்தேன். துணி ஈரமானது. பெட்டியில் புதுப் போர்டு ஒன்று இருந்தது. மாற்ற ஐந்து நிமிடம் போதும். பெரியசாமி கைகூப்பி நின்றுகொண்டிருந்தான். காய்ந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்காமல் விட்டேன்.

இன்னொன்று. அந்த மண்டபத்தில் தாலி கட்டுவதை எல்லோரும் பார்க்க மேலே நாலு பக்கமும் டிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் ஸ்கோர் போட்டார்கள். எந்த மூலையில் முக்காலியைப் போட்டாலும் ஸ்கோர் தெரிந்தது. மூன்று இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், பார்க்க ஆசையாகவும் இருந்தது.

ஆளுக்கு ஐந்து ஆட்டம் ஜெயித்து, கடைசி ஆட்டம். தாஸுக்கு நாற்பது மிச்சம். மல்லிகாவுக்கும் நாற்பது மிச்சம். எறிய வேண்டியது மல்லிகா. கையில் மூன்று டார்ட். ஒன்று இரட்டை இருபதில் நின்றால் லண்டன்.

முதல் டார்ட் வளையத்துக்கு வெளியே போனது. இரண்டாவது டார்ட் வளையத்துக்குள் பட்டு எகிறி விழுந்தது. எண்களைப் பிரிக்கும் கம்பியில் பட்டிருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். மூன்றாவது நேராகப் போய் உள்ளே நின்றது. மண்டபமே எழுந்துவிட்டது. மல்லிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். டார்ட்டைப் பிடுங்க நாலு அடி வைத்திருப்பார். டார்ட்டின் வால் மெல்லத் தாழ்ந்தது. தூங்கி விழுகிறவன் தலை மாதிரி. அப்புறம் கீழே விழுந்தது.

நடுவர் விழுந்த டார்ட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு, "எண் இல்லை" என்றார்.

அப்போதுதான் நான் போர்டைப் பார்த்தேன். போர்டைச் சுற்றிய விளக்கு வெளிச்சத்தில், இரட்டை இருபதின்மேல் ஒரு சின்னப் புடைப்பு. அதற்கடியில் நகக்கீறல் அளவுக்கு நிழல். பன்னீர் விளிம்பிலிருந்து உள்ளே இறங்கியிருந்தது.

மல்லிகா டார்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினார். தாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்கும் நாற்பது. அவரும் அதே இடத்தில்தான் எறிவார். அந்த இடத்தில் டார்ட் நிற்காது. நான் சும்மா இருந்தால் அவர் எறிகிற மூன்றும் வீணாகும், மறுபடி மல்லிகா வருவார். வந்து, இரண்டு தடவை ஏமாந்த இடத்தை விட்டு வேறு இரட்டைக்கு வழி செய்து எறிந்தாரானால் ஜெயித்துவிடுவார். நான் கை தூக்கினால் தாஸுக்குப் புதுப் போர்டு கிடைக்கும். எறிந்தது எறிந்ததுதான், அதனால் மல்லிகாவுக்குப் போனது திரும்ப வராது. இவ்வளவும் எனக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது. மேலே நாலு டிவியிலும் நாற்பது, நாற்பது என்று இருந்தது.

பெரியசாமி எனக்குப் பின்னால் நின்றான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"கம்முனு இருடா," என்றான் மெதுவாக. "அவனுக்கும் உழுகட்டும். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான?"

அது நியாயம் மாதிரியே இருந்தது. தாஸ் கோட்டுக்கு வந்தார். வலது காலை வைத்தார். டார்ட்டை உயர்த்தினார். நான் எழுந்து மேடைக்குப் போய்க் கையைத் தூக்கினேன்.

நடுவர் சென்னைக்காரர். வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்படி சார் ஈரமாச்சு?"

"பொட்டு வெச்சேங்க. பன்னீர் பட்டுச்சு. பார்த்தும் மாத்தாம விட்டேன்."

கூட்டத்தில் ஒருவர், "யோவ், நீ எந்த ஊர்க்காரன்யா?" என்று கத்தினார். மல்லிகா நடுவரிடம் வந்தார்.

"அப்ப என்னோட டார்ட்டுங்க சார்?"

"எறிஞ்சது எறிஞ்சதுதாம்மா. விதி அப்படி. போர்டை மட்டும்தான் மாத்த முடியும்."

அவர் தலையாட்டினார். தாஸ் ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தார். நான் பழையதைக் கழற்றி, புதிதை மாட்டி, இரண்டு கோலையும் வைத்துப் பார்த்தேன். நடுப்புள்ளிக்கு மூன்று தடவை வைக்கவேண்டி இருந்தது. இரண்டு பேருக்கும் மூன்று பயிற்சி டார்ட். பிறகு தாஸ் எறிந்தார். முதலாவது வெளியே. இரண்டாவது இரட்டை இருபதில் போய் நின்றது. அது விழவில்லை.

பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவர் கேட்டார். "போர்டு மாற்றம், காரணம்னு என்ன எழுதட்டும்?"

நான் சொல்லுமுன் மல்லிகா சொன்னார். "காரணம் எழுதாதீங்க சார். எழுதுனா அடுத்த தடவ இந்த ஊருக்கே போட்டியக் குடுக்க மாட்டாங்க. பம்பாய்க்கெல்லாம் என்னால வர முடியாது."

நடுவர் பேனாவை மூடினார். பதிவேட்டில் இரண்டு வார்த்தை மட்டும் இருப்பது அதனால்தான்.

கூட்டம் கலைந்த பிறகு நான் மேடையில் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மல்லிகா பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அண்ணா, அந்தாளுக்கு எவ்ளோ மிச்சம்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் அம்மிணி."

"எனக்கு?"

"அதையும் பாத்தேன்."

"ரெண்டும் தெரிஞ்சுதான் கையத் தூக்குனீங்க."

"ஆமா."

"பொட்டு வெச்சதும் நீங்கதான்."

"ஆமா."

பைப்பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வெளியில் யாரோ கூப்பிட்டார்கள். "அந்தப் பழைய போர்டு யாருக்கு?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஆகாது. இரட்டை இருபதுல டார்ட் நிக்காது."

"குடுங்க. நிக்காத எடத்துல எறிஞ்சே பழகறேன். நிக்கற எடம் கெடைச்சா சுலுவா இருக்கும்."

சந்தனத்தோடு அப்படியே வாங்கிக்கொண்டு போனார். கோபமா, கேலியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அன்றைக்கு அடுத்த வாரம் பெல்லுக்குப் போன் செய்தேன். கடற்கரை ஊர் ஒன்றில் மகன் வீட்டில் இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். பன்னீர் என்றால் என்ன, எதில் செய்வது, கல்யாணத்தில் ஏன் தெளிக்கிறார்கள் என்று நிறையக் கேட்டார். கடைசியாக, "ஈரத்தைப் பார்த்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துக் கை தூக்கினாய்?" என்றார்.

"அவர் கோட்டில் கால் வைக்கும்வரை."

"ரொம்ப நேரம்," என்றார். பிறகு என் மகளைப் பற்றி விசாரித்தார்.

அதற்குப் பிறகு நான் எந்த ஆட்டத்துக்கும் போர்டு மாட்டவில்லை. யாரும் என்னை விலக்கவில்லை. போர்டு ஆளுக்கு ஸ்கோர் தெரியக்கூடாது. எனக்குப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

தகுதிப் போட்டி மறுபடி சேலத்துக்கு வருகிறது, அதே மண்டபம். இதை எழுதலாமா என்று மல்லிகாவைக் கேட்டேன். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சாம். இனி மாத்த மாட்டாங்க, எழுதுங்க" என்றார். பெரியசாமியையும் கேட்டேன். "எம்பேரப் போட்டுக்க. ஆனா பன்னீர் கலப்படமில்லாத பன்னீர்னு சேத்து எழுது" என்றான். எழுதிவிட்டேன். இந்தத் தடவை பூசை வாசலோடு சரி என்று ஒத்துக்கொண்டிருக்கிறான்.

மல்லிகா பெயர் கொடுத்திருக்கிறார். சங்கத்தார் என்னைப் பார்வையாளராக அழைத்திருக்கிறார்கள், எங்கே உட்காருகிறீர்கள் என்று கேட்டார்கள். டிவி நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.